ஒரு கால் படியில்

"இன்னைக்கு அவள வுடப் போறதில்ல," என்றாள் சாரதா.

யாரை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த உமாதேவி கேட்கவில்லை. மண்ணூர் சபைக்கே தெரியும். கடைசி பெஞ்சு எழிலரசி. கம்பெனி ஹாஸ்டலிலிருந்து வேனில் வரும் பதினெட்டுப் பெண்களில் ஒருத்தி. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிறாள். ஆராதனை முடிவில் போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்குவதற்கு முன்பே எழுந்து ஓடிவிடுகிறாள்.

"ஆசீர்வாதம் வாங்காம போறதுக்கு எதுக்கு சர்ச்சுக்கு வரணும்?"

பெண்கள் சங்கத் தலைவி சாரதா வாராவாரம் கேட்கும் கேள்வி இது. சம்பந்தப்பட்டவளிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலம் ஆரம்பம். அதற்கு முந்தின ஞாயிறான இன்று, புதிதாக வந்தவர்களை வரவேற்பதும் போகிறவர்களுக்கு ஜெபித்து வழியனுப்புவதும் சபை வழக்கம். சுற்றிலும் கம்பெனிகள் உள்ள ஊரில் இரண்டு வரிசையும் நீளமாகத்தான் இருக்கும். போகிறவர்கள் வரிசையில் எழிலரசியும் நின்றாள். மூன்று வருஷ டிரெயினிங் முடிந்துவிட்டது. நாளைக் காலை செய்யாறுக்கு பஸ் ஏறுகிறாள்.

மைக்கை வாங்கியவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். எழிலரசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும் நன்றி" என்று இரண்டே வார்த்தை. மைக் கைமாறிவிட்டது.

"பாத்தியா திமிர?" என்றாள் சாரதா.

பிறகு சங்க அறிவிப்புகளை வாசிக்க அவளே எழுந்தாள். கேரல் ரவுண்ட்ஸ், கேக், ஸ்டார் கட்டுவது என்று முழுசாகக் கால் மணி நேரம். அன்றைய பிரசங்கமே அதைவிடச் சின்னது.

வாசித்து முடித்தவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. நேராக வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

கடைசிப் பாட்டின்போது எழிலரசி வேகமாக வந்தாள்.

"ஆன்ட்டி, வழி வுடுங்க. வண்டி..."

"வண்டி இன்னா ஓடியா பூடும்? இன்னைக்காவது ஆசீர்வாதம் வாங்கிக்கினு போ."

"இல்ல ஆன்ட்டி, பொண்ணுங்க..."

"பொண்ணுங்க எல்லாம் உள்ளதான் கீறாங்க. ஒனக்கு மட்டும் இன்னா அவசரம்? நில்லு!"

கையைப் பிடித்தாள். சும்மா இல்லை, உடும்புப்பிடி. போதகர் கையை உயர்த்தினார். வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. எழிலரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே வந்தபோது ரோட்டில் வேன் இல்லை.

"இன்னாடி இது? பதினெட்டு பேரையும் வுட்டுட்டுப் போயிட்டானா?" என்றாள் சாரதா.

வேனில் வந்தவர்களில் புதியவளான சுவாதிக்கு அழுகை முட்டியது. ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"பத்தரைக்கு எடுத்துடுவாரு ஆன்ட்டி. அடுத்து ஷிஃப்ட் டிரிப் கீது அவருக்கு. எழிலக்காதான் முன்னாடியே போயி, ஒரு கால படியில வெச்சி ஒரு கால தரையில ஊனிக்கினு நிப்பாங்க. அப்டி நின்னா வண்டிய எடுக்க முடியாது. நாங்க எல்லாம் ஆசீர்வாதம் வாங்கிட்டு வர்ற வரைக்கும் நிப்பாங்க. பதினோரு மணிக்குள்ள கேட்டுக்குள்ள போவலன்னா பாஸ் கட். அப்புறம் ஞாயித்துக்கெழம சர்ச்சே கெடையாது."

சாரதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கவும் நேரமில்லை. நடுரோட்டில் இறங்கிக் கையை விரித்து மூன்று ஷேர் ஆட்டோக்களை மறித்தாள். பதினெட்டுப் பேரையும் அடைத்து, தானும் தொற்றிக்கொண்டாள்.

ஹாஸ்டல் கேட்டில் பதினொன்று பத்து.

"தப்பு என்னுது. நான்தான் கையப் புடிச்சி நிறுத்தினேன். புள்ளைங்க பாஸ்ல கைய வெக்காதீங்க," என்றாள் வார்டனிடம். ஒரு தடவை அல்ல. வார்டன் மனம் இரங்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"இதான் கடைசி. இன்னொரு தடவ லேட்டானா எல்லார் பாஸும் கட்," என்றார் வார்டன்.

சாரதா எழிலரசியின் முன்னால் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் எழிலரசி சிரித்தாள்.

"மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் ஆசீர்வாதத்த முழுசா கேட்டேன் ஆன்ட்டி. நல்லா இருந்துச்சு."

சாரதா உடைந்து அழுதுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு. அட்வெந்தின் முதல் மெழுகுவர்த்தி எரிந்தது. சங்க அறிவிப்பு இரண்டே வரியில் முடிந்ததில் சபையே ஆச்சரியப்பட்டது. ஆனால் மிச்சம் பிடித்த நேரத்தைப் போதகர் எடுத்துக்கொண்டார். மணி பத்து இருபத்தெட்டு.

கடைசி பெஞ்சில் சுவாதி எழுந்தாள். முன்வரிசையிலிருந்து விறுவிறுவென்று வந்த சாரதா, அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"ஆசீர்வாதம் வாங்காம போறதுக்கு எதுக்கு சர்ச்சுக்கு வரணும்?"

முதுகுக்குப் பின்னால் உமாதேவியின் குரல். சாரதா திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் டிரைவர் சுப்பன் எஞ்சினை உறுமவிட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்பதைப் பார்த்துக் கத்தினார்.

"யம்மா, ஒண்ணு ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க!"

"ரெண்டும் முடியாதுப்பா," என்றாள் சாரதா. "புள்ளைங்க உள்ள ஆசீர்வாதம் வாங்கிக்கினு கீறாங்க."