அவர் சிங்களத்தில் சொன்னது

எப்போதிருந்து சீனி வருத்தத்துக்கான குளிசை போடுவதை விட்டீர்கள் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

ஸ்ரனிஸ்லாஸ் பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

நேசம் சுவரில் தொங்கிய தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசையூரிலிருந்து கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபத்தாறு வருடம். இன்னும் மீன்காரனிடம் விரலைக் காட்டித்தான் விலை பேசுவாள்.

அவளுக்குச் சிங்களம் விளங்காது என்ற துணிச்சலில் அவர் உண்மையைச் சொன்னார்.

இரண்டு வருடமாகப் போடுவதில்லை. மனைவி தருகிற குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, அவள் குசினிக்குப் போனதும் யன்னலால் துப்பிவிடுவார்.

மகன் டெஸ்மனைப் பொலிஸார் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன மாதத்திலிருந்து. அவன் இன்னும் திரும்பவில்லை.

டொக்டர் பேனையை வைத்தார். வயதில் டெஸ்மனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். கால் வீங்கியது சிறுநீரகத்தால்தான், அது பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது என்றார். முதலில் சோர்ந்தது உங்களுடைய மனம். அதனால் குளிசை நின்றது, சீனி ஏறியது. இனி மனதுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் செய்யவேண்டும் என்றார்.

பிறகு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். முன்பெல்லாம் உங்களுக்கு எது சந்தோஷமாக இருந்தது?

ஸ்ரனிஸ்லாஸ் சொல்லத் தொடங்கினார்.

துறைமுகத்தில் கிளாக்கர் வேலை முடிந்து வந்ததும் மூன்று பேருமாக முகத்துவாரக் கடற்கரைக்கு நடப்பார்கள். டெஸ்மன் அவருடைய தோளில் இருந்துகொண்டு, தூரத்தில் நிற்கிற கப்பல்களுக்கெல்லாம் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வைப்பான். சீலை நனையப்போகுது என்று சொல்லிச் சொல்லியே நேசம் முழங்கால் அளவு தண்ணீரில் போய் நிற்பாள். அலை அடிக்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பாள். கடல் பார்க்கவா போனேன், அந்தச் சிரிப்பைக் கேட்கத்தானே போனேன் என்றார். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது காலையில் கண் விழிக்கும்போதே ஏன் விழித்தோம் என்றிருக்கிறது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் உங்கள் மனைவிக்குத் தமிழில் சொல்லுங்கள், அவருடைய உதவி இல்லாமல் முடியாது என்றார் டொக்டர்.

அவர் நேசத்தின் பக்கம் திரும்பினார்.

“சோத்தைக் குறைக்கட்டாம். வேற ஒண்டுமில்லை.”

நேசம் தலையாட்டினாள். பிறகு டொக்டரை நேராகப் பார்த்து, இன்றிலிருந்து விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன், மனதுக்கான மருந்தையும் மறக்காமல் எழுதித் தாருங்கள் என்றாள்.

சிங்களத்தில். ஒரு சொல்லும் தடக்காமல்.

ஸ்ரனிஸ்லாஸ் மருந்துச் சிட்டையோடு வெளியே வந்து, படி இறங்கும்போதுதான் சிங்களம் எங்கே பழகினாய் என்று கேட்டார்.

நேசம் படியிலேயே நின்றாள்.

“செவ்வாய்க்கிழமையில கோயிலுக்கெண்டு வெளிக்கிட்டு நான் கோயிலுக்குப் போறேல்லை. பொலிஸ் ஸ்டேசன் ஸ்டேசனாப் போறனான். பிள்ளையின்ர படத்தைக் காட்டிக் கேக்கிறதுக்குப் பாஷை வேணுமே.”

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, குளிசையை அவள் முன்னால் விழுங்கிவிட்டு, வீங்கிய காலைச் செருப்புக்குள் மெல்ல நுழைத்துக்கொண்டு, அவரும் வாசலில் நின்றார்.