செலவில்லாத மயில்

"தங்கச்சி, இருக்கீங்களா?"

வாசலில் அமிர்தத்தின் குரல். சுகிர்தாவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

கூடத்துத் தரை முழுக்கக் காகிதத் துணுக்குகள். நடுவில் ஆல்பம் விரிந்து கிடந்தது. மகள் பாரதிப்ரியாவின் முதல் பிறந்தநாள் படத்துக்கு மேலே ஒரு மயில், தோகையை விரித்துக்கொண்டு நின்றது. நேற்றுதான் ஒட்டினாள்.

அமிர்தம் தன் மகள் காவ்யாவின் கல்யாணத்துக்கு வைத்த பத்திரிகையில் இருந்த மயில் அது.

கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

கொடியில் காய்ந்த துண்டை உருவி ஆல்பத்தின் மேல் போட்டுவிட்டு, "வாங்கக்கா" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

மண்டபத்தூரிலிருந்து அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அமிர்தம். பாரதிப்ரியா பிறந்த சமயம், பால் ஊறட்டும் என்று எங்கெங்கோ கேட்டுப் பால்சுறா வாங்கிவந்து கொடுத்தாள். காசை நீட்டியபோது, பிள்ளை பெற்றவளிடம் வாங்கக் கூடாது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்று தலையில் கூடை இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

சுகிர்தாவுக்குப் படங்களை அலங்காரமாக ஒட்டி ஆல்பம் செய்வதில் பைத்தியம். முதலில் அதற்கென்றே விற்கிற பூப்போட்ட தாள்களையும் ஒட்டுப்படங்களையும் ஆன்லைனில் வரவழைத்தாள். கணவன் சிவநாதன் திட்டவில்லை. பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெறும் காகிதமா?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு அவள் எதையும் வாங்கவில்லை. புடவைப் பெட்டியில் வரும் மெல்லிய தாள், ஸ்வீட் பாக்ஸ் ரிப்பன், பழைய காலண்டர் அட்டை, மைதா காய்ச்சிய பசை. கல்யாணம் முடிந்த பத்திரிகைகளைத் தெருவில் எல்லோருமே அவளுக்கு எடுத்துவைத்துக் கொடுப்பார்கள்.

முடிந்த பத்திரிகைகளைத்தான் இதுவரை வெட்டியிருக்கிறாள்.

ஆனால் அந்த மயில் கெட்டி அட்டையில், பச்சையும் நீலமுமாக, தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி புடைத்து நின்றது. அப்படியொரு தாளை அவள் காசு கொடுத்தும் வாங்கியதில்லை. தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு வெட்டலாம் என்றுதான் நினைத்தாள். குறிக்கவில்லை. மிச்சத் துண்டுகள் காலையில் குப்பை வண்டியோடு போய்விட்டன.

அமிர்தம் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் கிடந்த துணுக்குகளை மிதிக்காமல் சுவரோரமாக நின்றாள். துண்டின் பக்கம் அவள் கண் போனதா இல்லையா என்று சுகிர்தாவால் சொல்ல முடியவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"முந்தி வச்ச பத்திரிகையில ஒரு தப்பு விழுந்துபோச்சு தங்கச்சி. அதக் கிழிச்சுப் போட்டுட்டு இத வச்சுக்குங்க."

பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். பத்திரிகையின் மேல் இரண்டு வெற்றிலையும் பாக்கும் வைத்து, முதல் தடவை போலவே இரண்டு கையாலும் நீட்டினாள்.

சுகிர்தா வாங்கிக்கொண்டாள். முதலில் வந்தது நிம்மதிதான். கிழித்துப் போடச் சொல்லிவிட்டாளே. இனி யார் கேட்கப் போகிறார்கள்.

"மயில் போட்டதுதான் வேணும்னு காவ்யா ஒத்தக்கால்ல நின்னுட்டா. கும்பகோணம் வரைக்கும் போனோம்" என்று அமிர்தம் சிரித்தாள். "குழந்தையையும் தூக்கிக்கிட்டு வந்துடணும், என்ன?"

"கண்டிப்பா வரேன்க்கா."

காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் அமிர்தம் படியிறங்கிவிட்டாள்.

சுகிர்தா பத்திரிகையைப் பிரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எது தப்பு, எதைத் திருத்தினார்கள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மதிலருகே போய் அன்னபூரணியைக் கூப்பிட்டாள். "அக்கா, அமிர்தக்கா புதுப் பத்திரிகை கொடுத்தாங்களா?"

"எனக்கு ஒண்ணும் கொடுக்கலையே" என்ற அன்னபூரணி, உள்ளே போய் சாமி படத்தண்டை வைத்திருந்த தன் பத்திரிகையை எடுத்துவந்து நீட்டினாள்.

இரண்டையும் மதில் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் சுகிர்தா. அதே பெயர்கள், அதே மண்டபம், அதே தேதி. ஒரு புள்ளி கூட மாறவில்லை.

"என்ன தப்பாம்?" என்று அன்னபூரணி கேட்டாள்.

சுகிர்தா உள்ளே வந்து போனை எடுத்தாள்.

நேற்று மயிலை ஒட்டி முடித்த பெருமையில், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, 'செலவே இல்லாத அலங்காரம்' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். பாராட்டுகள் குவிந்தன. அடுப்பு வேலைக்கு நடுவே எதையும் சரியாகப் படிக்காமல், வந்த எல்லாவற்றுக்கும் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

இப்போது கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். காவ்யாவின் பெயர் வந்தது. என்ன மீன் வந்திருக்கிறது என்று வழக்கமாகக் கேட்கிற எண்.

'அக்கா, இது எங்க பத்திரிகை மயில்தானே?'

அதற்குக் கீழே, அவள் அனுப்பிய இதயம்.