ஆற்றை விட்டு விலகிய ஊர்

"ஹெட்விக்குக்கு ஒண்ணும் தெரியாது. இப்போதைக்குத் தெரியவும் வேணாம்."

தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் நின்று போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான் கஸ்பார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தட்டு துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவியின் கை அப்படியே நின்றது.

"ரெண்டு சைக்கிள் சொல்லி வெச்சிட்டேன். ஒண்ணு பேட்டரி வண்டி, மிதிக்கிற கஷ்டமே இருக்காது. நீங்க மட்டும் சரின்னுட்டா போதும், பாசாவ்லேர்ந்து கெளம்பிடலாம். உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெண் கலகலவென்று சிரிப்பது ஜன்னல்வரை கேட்டது.

இன்னும் 'நீங்க'தானா? அப்படியென்றால் பழக்கம் புதிது என்று நினைத்துக்கொண்டாள் ஹெட்விக்.

தட்டை வைத்துவிட்டு அவனுடைய மேஜைக்குப் போனாள். செய்தித்தாளுக்கு அடியில் டான்யூப் நதியின் வரைபடம் இருந்தது. பாசாவ் ஊரில் தொடங்கி நதியோரமாகவே சைக்கிள் மிதித்து வியன்னா வரைக்கும் போவது, கல்யாணமான புதிதில் அவர்கள் இருவரும் போட்ட திட்டம். பிள்ளைகள், வீடு, வேலை என்று தள்ளித் தள்ளிப் போனது. கடந்த சில கோடைகளில் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இப்போது எடுத்திருக்கிறான், வேறு யாரோடோ.

மூன்று ஊர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். லின்ஸ் ஆற்றோரம், சரி. கிரெம்ஸ், அதுவும் சரி. நடுவில் ஆம்ஷ்டெட்டன் எதற்கு? அது ஆற்றை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வேண்டிய ஆள் இல்லாமல் எந்தச் சைக்கிள்காரனும் அங்கே திரும்ப மாட்டான்.

தொண்டை வறண்டது. ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள். ஒரே ஒரு வாய் நனைத்துக்கொண்டு, மீதியை ஏக்கத்தோடு பார்த்தபடி தொட்டியில் கொட்டினாள்.

கஸ்பார் உள்ளே வந்தான். விரிந்து கிடந்த வரைபடத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய், போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதை அவசர அவசரமாக மடித்தான்.

"யாரு அவ?" என்றாள் ஹெட்விக்.

"எவ?"

"சிரிச்சாளே, அவதான்."

"அது... சைக்கிள் கிளப்புல ஒருத்தங்க." காது மடல் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனுக்குப் பொய் சொல்ல மட்டும் வரவில்லை.

"ஆம்ஷ்டெட்டன்ல என்ன இருக்கு கஸ்பார்? அங்க ஆறுகூட இல்லையே!"

"கொஞ்சம் பொறு ஹெட்விக். எல்லாம் உறுதியானதும் நானே சொல்றேன்."

"உறுதியானதும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டுவியா?"

"லூசு மாதிரி பேசாதே!"

"கத்தாதே. போகணும்னா போயிட்டு வா, நான் தடுக்கல. உன் உடம்பு நல்லாத்தான் இருக்கு. என்கூடச் சேர்ந்து நீயும் ஏன் இந்த ஊர்லயே கெடந்து சாகணும்?" குரல் உடைந்தது. "ஆனா மறைச்சுப் போகாதே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போ."

கஸ்பார் அவள் தோளைத் தொட வந்தான். அவள் தட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் போன் அலறியது. அவன் பாய்ந்தான். அதற்குள் ஹெட்விக் எடுத்துவிட்டாள்.

"குடு ஹெட்விக்! கெஞ்சிக் கேட்கிறேன், அவங்க என்ன சொல்றாங்கன்னு முதல்ல நான் கேட்டுக்கறேன்!"

"ஏன், நான் கேட்டா என்ன குடி முழுகிடும்?" அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். குரலைக் கல்லாக்கிக்கொண்டாள். "ஹலோ. நான் கஸ்பாரோட மனைவி பேசறேன். நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

மறுமுனையில் அதே கலகலச் சிரிப்பு.

பின்னால் கஸ்பார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அட, நீங்களா! மாட்டிக்கிட்டாரா மனுஷன்? நான் கிரெம்ஸ்லேர்ந்து நர்ஸ் பேசறேங்க. லின்ஸ்லயும் ஆம்ஷ்டெட்டன்லயும் ஏற்கெனவே சரின்னுட்டாங்களாமே? இங்கதான் இழுத்துக்கிட்டே இருந்துது. இப்ப இங்கயும் இடம் போட்டாச்சு, நீங்க ரெண்டு பேரும் தாராளமா சைக்கிளை எடுங்க!"

"இடமா? எதுக்கு இடம்?"

"உங்க டயாலிசிஸுக்குத்தாங்க!"