ஞானஸ்நானம் எடுக்காத கொம்பைலர்

கிட்ட வந்து இருங்கள், என் கண்மணிகளே. ஒரு கடல் கதை சொல்கிறேன். கடல் வரும், மீன் ஒன்றுகூட வராது.

“உது பொய் எச்சரிக்கை, வாகீசன் அண்ணை! நூறு தரம் பாத்திட்டன். என்ரை நிரலிலை பிழை இல்லை.”

மருதனார்மடச் சந்தியில், ஒரு மாடி அறையில் நடக்கும் சின்னக் கணினி நிறுவனம் அது. சத்தம் போட்டவள் ஜெசிதா, குருநகர்ப் பெண். அவளை நம்பிக் கொடுத்த முதல் வேலை மேசையில் கிடந்தது: வள்ளத்தில் பூட்டுகிற ஒரு பெட்டி. திரும்ப வேண்டிய நேரம் தாண்டியும் வள்ளம் கரைக்கு வராவிட்டால், கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் அது கரைக்குச் செய்தி அனுப்பும். போன மாதம்தான் மெசின் பழுதாகி, ஒரு வள்ளம் இரண்டு நாள் கடலில் அலைந்து வந்தது. அதனால் இன்று, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குப் பன்னிரண்டு வள்ளங்களில் பெட்டி ஏற வேண்டும். ஓர் எச்சரிக்கை மிச்சம் இருந்தாலும் நிரலை வெளியே விடக்கூடாது என்பது அலுவலகச் சட்டம்.

வாகீசன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். வல்வெட்டித்துறைக்காரன், வேலையில் அவளுக்கு மூத்தவன்.

“கொம்பைலர் என்னவாம்?”

நாம் எழுதுகிற நிரலை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தருவதுதான், பிள்ளைகளே, இந்தக் கொம்பைலர். மாற்றும்போது குறையும் சொல்லும்.

“வள்ளம் திரும்பிற நேரம் என்னெண்டு சொல்லாமலே அதைப் பாவிக்கிறனாம். திங்கள் துவங்கிச் சனி வரைக்கும் நேரம் குடுத்திருக்கிறன். ஞாயிறுக்குக் குடுக்கேல்லை.”

“ஏன் குடுக்கேல்லை?”

“ஞாயிறிலை எங்கடை ஆக்கள் ஆர் வள்ளம் இறக்கிறது? பூசை நாளெல்லோ!”

வாகீசன் சிரித்தான். “அது உனக்குத் தெரியும். கொம்பைலர் ஞானஸ்நானம் எடுக்கேல்லையே.”

“பகிடி விடாதேங்கோ. நேற்று வரைக்கும் உது வாயே திறக்கேல்லை.”

“நேற்று நீ சுருக்கச் சொல்லேல்லை. இண்டைக்கு ஒப்டிமைஸ் பண்ணு எண்டிட்டாய். சுருக்கிறதெண்டால் அது நிரலுக்குள்ளை இருக்கிற வழியெல்லாம் நடந்து பாக்க வேணும். நடந்தால் திறந்து கிடக்கிற கதவெல்லாம் கண்ணிலை படும். அந்தக் கதவாலை ஆர் வருவினம், வரமாட்டினம் எண்டு அதுக்கென்ன தெரியும்?”

“அப்ப சுருக்காமல் விடுவமோ?”

“விட்டால் எச்சரிக்கை போயிடும். ஆனால் நிரல் உந்தச் சின்னச் சிப்புக்குள்ளை அடங்காது. ஒரு வரி எழுதி எச்சரிக்கையின்ரை வாயைக் கட்டிவிடு. எல்லாரும் செய்யிறதுதான்.”

ஜெசிதாவின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது. பிறகு கைபேசியை எடுத்துப் பங்குத்தந்தை கிறிஸ்ரோபரை அழைத்தாள்.

“பாதர், ஞாயிற்றுக்கிழமையிலை எங்கடை கரையாலை வள்ளம் ஏதும் இறங்குமோ?”

“என்ன பிள்ளை கேள்வி உது? உன்ரை அப்பாவைக் கேட்டாலும் சொல்லுவாரே. ஒண்டும் இறங்காது. நான் உத்தரவாதம்!”

“கேட்டியளோ, அண்ணை? பொய் எச்சரிக்கைதான்.”

“பிறகென்ன? வாயைக் கட்டு.”

அவளுக்கு மனம் வரவில்லை. “கட்டினால், நாளைக்கு உண்மையா ஒண்டைச் சொல்ல வந்தாலும் சொல்லாது. பாவம், கேட்டதுக்குப் பதிலைக் குடுத்து விடுவம்.” ஞாயிறுக்கு நேரே நண்பகல் பன்னிரண்டு என்று அடித்தாள். “அந்த நேரம் ஊர் முழுக்கச் சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருக்கும்.”

கொம்பைலர் அடங்கியது. நாலு மணிக்குப் பெட்டிகள் ஏறின.

மறுநாள் பகல் பன்னிரண்டே கால். ஜெசிதாவின் கைபேசி கூவியது. ஐந்தாம் இலக்க வள்ளம் கரை திரும்பவில்லை.

அவளுடைய அப்பா செபநாயகம், மீனவர் சங்கத் தலைவர், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். “அது றொகான்ரை வள்ளம். அவன் காலமைப் பூசையிலை எனக்குப் பக்கத்திலை நிண்டவன். உன்ரை பெட்டி முதல் நாளே பொய் சொல்லுது, பிள்ளை. ஊர் சிரிக்கப் போகுது.”

“சிரிக்கட்டும், அப்பா. பெட்டி காட்டிற இடத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ.”

“நாப்பது வருசம் ஞாயிறிலை இறங்காத என்னை இறக்கிறாய்!” முணுமுணுத்தபடியே கை கழுவி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜெசிதா கரையில் நின்றாள். பெட்டி சொன்னது பொய்யென்றால் பொழுதுபடுவதற்குள் பன்னிரண்டையும் கழற்றிவிடுவார்கள். உண்மையென்றால்?

ஒரு மணித்தியாலம் கழித்து, சிக்னல் எட்டும் இடத்துக்கு வந்ததும், கைபேசியில் அப்பாவின் குரல் வந்தது. “கண்டிட்டம், பிள்ளை! மெசின் நிண்டுபோய், நீரோட்டத்திலை இழுபட்டுக்கொண்டிருந்தவை. பெட்டி இல்லாட்டி இரவு வரைக்கும் ஒருத்தரும் தேடியிராயினம். ரெண்டு பேரும் சுகம்.”

“ரெண்டு பேரோ? றொகானோடை மற்றது ஆர், அப்பா?”

மறுமுனையில் சிரிப்பை அடக்க முடியாமல் செபநாயகம் திணறினார். “தீவுக் கோயிலிலை ரெண்டாம் பூசை வைக்கப் போன எங்கடை கிறிஸ்ரோபர் பாதர்! உனக்கு உத்தரவாதம் தரேக்கை, தன்னை எண்ண மறந்துபோனாராம்.”

உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டவர் எல்லோரும் வெளிச்சம் இருக்கவே வாசல் வந்து சேரட்டும், என் செல்வங்களே. உங்கள் குடும்பம் குறைவில்லாமல் வாழட்டும்.