தேதி இருந்த ஓரம்

இரண்டே இரண்டு மாத்திரை வெட்டிக் கொடுக்க, மருந்துக்கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

“அண்ணே, அந்த ஓரத்தை வெட்டாதீங்க! காலாவதித் தேதி அங்கதான் இருக்கு. அது போயிட்டா, மிச்ச மாத்திரை கெட்டுப்போனாலும் தெரியாது. நோயாளிங்க நம்பி முழுங்கிடுவாங்க” என்று கத்தரிக்கோலிடம் கெஞ்சியது மாத்திரை அட்டை.

“கை போற பக்கம் போறவன் நான். என்னைக் கேக்குறியே!” என்றது கத்தரிக்கோல். சொன்ன பதில் அதற்கே பிடிக்கவில்லை. கை சொன்னாலும் வாய்க்குப் புத்தி வேண்டாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டது. தேதியருகே வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டது.

“ஐயோ, உங்களைக் குப்பையில போட்டுடுவாருண்ணே!”

“போடட்டும்.”

கடைக்காரர் அழுத்திப் பார்த்தார், திட்டினார், கடைசியில் அலுத்துப்போய் அட்டையைத் திருப்பி மறு ஓரத்தை நீட்டினார். அவர் அமுக்கும் முன்பே கத்தரிக்கோல் நறுக்கென்று வெட்டியது.