ஹாலில் புது லைன்

டெல்லி ஜனக்புரி ஃப்ளாட்டில் ராஜலக்ஷ்மி போட்ட பொம்மை ரயில் பாதை, ஹாலைச் சுற்றி வந்து கணவர் வைத்தியின் சாய்வு நாற்காலியில் முட்டியது.

“ஏன்னா, நாற்காலியைப் பால்கனியில போடுங்கோ.”

“ஜூன் வெயில்ல நான் அங்க எப்படி உட்கார்றது?”

“நாட்டுக்கு ரயில் வேண்டாமா?”

முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போனார்.

ஞாயிறன்று அக்கம்பக்கமே திரண்டது. வைத்தி தேங்காய் உடைத்தார். எதிர்வீட்டு சாவ்லா ரிப்பன் வெட்டினார். லட்டு பறந்தது. ராஜலக்ஷ்மி பச்சைக் கொடி அசைத்ததும் எல்லோரும் தண்டவாளத்தையே பார்த்தார்கள்.

“வண்டி எங்கே ராஜி?” என்றார் வைத்தி.

“அது அடுத்த வருஷ பட்ஜெட்ல. முதல்ல திறப்பு விழா” என்றாள், முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவள்.

வைத்திக்கு உற்சாகம் பொங்கியது. “அப்போ நாற்காலியை உள்ளே கொண்டு வரேன்.”

“கையகப்படுத்தின இடத்தை ரயில்வே திருப்பித் தராது.”