பிரேக் விளக்கு

மெக்கானிக் கடை வாசலில் கார் நிற்கிறது. பின்னால் ஒரு பக்கத்து பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை. மெக்கானிக் பழைய பல்பைக் கழற்றிக் காதருகே ஆட்டுகிறார். உள்ளே அறுந்த கம்பி மெல்லக் கிணுகிணுக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகன் உட்கார்ந்திருக்கிறான். நாளைக் காலை தூரத்து ஊர்க் கோர்ட்டில் அவன் சரணடைய வேண்டும். இனி ஜாமீனுக்கு வழியில்லை என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். சாய்ந்த வெயில் முதுகில் விழ, அப்பா காருக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார். "நேரமாகுதுப்பா. ஒரு லைட்டு எரியலைன்னா என்ன இப்போ?" "வழியில போலீஸ் புடிச்சா என்னடா பண்றது?" சொல்லிவிட்டு அப்பா நாக்கைக் கடித்துக்கொள்கிறார். மகனுக்குச் சிரிப்பு வருகிறது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மெக்கானிக் தலையைத் தூக்காமல் புது பல்பைப் பொருத்துகிறார். "மிதிங்க தம்பி." விளக்கு எரிகிறது. அப்பாவின் வெள்ளைச் சட்டை சிவந்து அணைகிறது. "சரியாப் போச்சு சார், கெளம்புங்க" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்கிறார். அப்பா நகரவில்லை. "இன்னொரு தடவை மிதிடா" என்கிறார். மிதிக்கிறான். "இன்னும் ஒரே ஒரு தடவை." கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தபடி, மிதித்த காலை எடுக்காமலே மகன் உட்கார்ந்திருக்கிறான்.